கமரோன்: சுவருக்கு உள்ளே இருந்து சொல்லப்பட்ட கதை

வருடா வருடம் ஏப்ரல் 30 அன்று பிரெஞ்சு ஃபாரின் லீஜன் எங்கே முகாம் போட்டிருந்தாலும் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்யும். வீரர்களை வரிசையாக நிறுத்தி வைத்து ஒரு கதையை உரக்க வாசிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற சின்னக் கதை. 1863-ல் மெக்சிகோவில், கமரோன் என்ற இடத்தில், லீஜனின் ஒரு கம்பெனி எப்படி அழிந்தது என்பதுதான் விஷயம். தெற்கு பிரான்சில் ஓபாஞ் என்ற ஊரில் இருக்கும் தலைமையகத்தில் விழா இன்னும் பெரிதாக நடக்கும். அங்கே ஒரு மரக்கையை ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். அந்தக் கம்பெனியின் கேப்டனுடைய கை அது.

இந்தச் சண்டையைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்டது கிடைக்கிறது. "65 பேர் எதிர் 2000 பேர்" என்று தலைப்பு வைத்தால் யாராக இருந்தாலும் கிளிக் பண்ணத்தான் செய்வார்கள். அந்தக் குவியலில் இன்னொன்றைச் சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை. வருடா வருடம் வாசிக்கப்படும் அந்த உரையையே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, ஒரு சிறுகதையை விமர்சனம் செய்வது போல வரிவரியாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கே ஆரம்பிக்கிறது, யாருக்குப் பெயர் கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கவில்லை, எதை ஒரு வார்த்தையில் கடந்துபோகிறது? இதையெல்லாம் கேட்டுப் பார்த்தால், நல்ல உரை எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியும், எதை மறைக்கிறது என்பதும் தெரியும்.

முதலில் கதை. உரையில் உள்ள வரிசையிலேயே சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரெஞ்சுப் படை புவேப்லா நகரத்தை முற்றுகையிட்டிருக்கிறது. கடற்கரையிலிருந்து அங்கே போகும் வழியில் 120 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு லீஜனின் பொறுப்பு. பெரிய வண்டித்தொடர் ஒன்று வந்துகொண்டிருக்கிறது: 30 லட்சம் ஃபிராங்க் பணம், முற்றுகைக்கான தளவாடங்கள், வெடிமருந்து. அதற்கு முன்னால் ஒரு கம்பெனியை அனுப்பி வழியைப் பார்க்கச் சொல்லலாம் என்று கேப்டன் தான்ஜூ யோசனை சொல்ல, கர்னல் ஜானின்க்ரோ ஒப்புக்கொள்கிறார். மூன்றாவது கம்பெனியின் முறை. அதற்கு அதிகாரிகள் இல்லாததால் தான்ஜூ தானே தலைமை ஏற்கிறார். விலேன், மோதே என்று இரண்டு இளம் அதிகாரிகளும் தாமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். 3 அதிகாரிகள், 62 வீரர்கள். நள்ளிரவு தாண்டி 1 மணிக்குக் கிளம்புகிறார்கள்.

காலை 7 மணிக்கு பாலோ வெர்தே என்ற இடத்தில் காபி போட நிற்கும்போது மெக்சிகக் குதிரைப்படை தெரிகிறது. சதுர அணி வகுத்துக்கொண்டு சுட்டபடியே பின்வாங்கி, கமரோனில் இருந்த ஒரு பெரிய சத்திரக் கட்டடத்துக்குள் புகுந்துகொள்கிறார்கள். சுற்றி 3 மீட்டர் உயர மதில். சரணடையச் சொல்லி ஆள் வருகிறது. தோட்டா இருக்கும்வரை சரணடைவதில்லை என்று தான்ஜூ சொல்லி அனுப்புகிறார். எல்லோரும் சத்தியம் செய்துகொள்கிறார்கள். நண்பகலில் தான்ஜூ சாகிறார். 2 மணிக்கு விலேன். கட்டடத்துக்குத் தீ வைக்கிறார்கள். 5 மணிக்கு மோதேயுடன் சண்டை போடும் நிலையில் 12 பேர். கடைசியில் மோதேயும் இன்னும் 5 பேரும். ஆளுக்கு ஒரு தோட்டா. அதைச் சுட்டுவிட்டு துப்பாக்கி முனைக் கத்தியோடு எதிரிக் கூட்டத்துக்குள் பாய்கிறார்கள். மோதேயும் இரண்டு பேரும் விழுகிறார்கள். மீதி மூன்று பேரை ஒரு மெக்சிக அதிகாரி ஓடிவந்து காப்பாற்றுகிறார். ஆயுதம் எங்களிடமே இருக்கவேண்டும், காயம்பட்டவர்களைக் கவனிக்கவேண்டும் என்று அவர்கள் நிபந்தனை போடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு எதையும் மறுக்க முடியாது என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார்.

முடிவில் கணக்கு: 11 மணி நேரம், 2000 எதிரிகள், 300 பேர் பலி, வண்டித்தொடர் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் கமரோன் பெயரைக் கொடியில் பொறிக்க உத்தரவிட்டார். 1892-ல் நினைவுச்சின்னம் எழுந்தது. அதைக் கடக்கும் மெக்சிகப் படையினர் சல்யூட் அடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான உரை. தேசபக்தி உரைகளில் வழக்கமாக வரும் பொங்கல் இதில் குறைவு. 7 மணி, 10 மணி, 12 மணி, 2 மணி, 5 மணி, 6 மணி என்று கடிகார முள்தான் கதையை நகர்த்துகிறது. 65, 60, 12, 5, 3 என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. கேட்பவன் மனதில் நேரம் ஏறுகிறது, ஆட்கள் இறங்குகிறார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். எதிரியைத் திட்டும் வரி ஒன்றுகூட இல்லை; கதையிலேயே கண்ணியமான செயலை எதிரிதான் செய்கிறான். அந்த வகையில் நேர்மையான உரையும்கூட.

ஆனா ஒரு கேள்வி. இந்தக் கதையை நமக்குச் சொன்னது யார்? சுவருக்கு உள்ளே இருந்து பிழைத்தவர்கள். சிறைப்பட்ட கார்ப்பரல் பெர்க் தன் கர்னலுக்கு எழுதி அனுப்பிய குறிப்பு முதல் ஆதாரம். கடைசிப் பாய்ச்சலில் உயிர்தப்பிய கார்ப்பரல் மேன் பின்னாளில் அதிகாரியாக உயர்ந்தார். அவர் சொன்னதை வைத்து 1878-ல் லூயி லாண்ட் என்பவர் 'ரெவ்யூ தெ தூ மோந்த்' பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். முற்றத்துக்குள் நடந்ததெல்லாம் அப்படி வந்ததுதான். சுவருக்கு வெளியே நின்றவர்களின் பசி, தாகம், பயம், சாவு எதுவும் இந்தக் கதைக்குள் வர வழியே இல்லை. ஏப்ரல் கடைசியின் வெயில் மதிலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் அடித்திருக்கும்.

பெயரையே பாருங்களேன். ஊரின் பெயர் கமரோன் இல்லை, 'கமாரோன்'. ஸ்பானிய மொழியில் இறால் என்று அர்த்தம். பிரெஞ்சு நாக்கில் அது கமரோன் ஆகி, அப்படியே கொடியில் ஏறி, சரித்திரமாகிவிட்டது. இன்றைக்கு அந்த ஊரின் பெயர் கமாரோன் தெ தெஹேதா. வெராக்ரூஸ் மாநில ஆளுநராக இருந்து நிலமில்லாதவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்த அடால்பெர்ட்டோ தெஹேதாவின் பெயர் சேர்ந்தது. ஊர்க்காரர்களின் ஞாபகம் வேறு பக்கம் போயிருக்கிறது.

சரி, உரையின் நான்கு இடங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம்.

முதல் இடம், முதல் வாக்கியம்

உரை ஆரம்பிப்பதே புவேப்லா முற்றுகையில். அதாவது பிரெஞ்சுப் படை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஏன் இருக்கிறது? அந்தக் கேள்விக்கு வாசலே இல்லாமல் கதவு சாத்தியாகிவிட்டது.

மெக்சிகோவில் 1858 முதல் 1861 ஆரம்பம்வரை லிபரல்களுக்கும் கன்சர்வேடிவ்களுக்கும் உள்நாட்டுப் போர். திருச்சபையின் சொத்தும் அதிகாரமும் யாரிடம் இருக்கவேண்டும், சட்டத்தின் முன் ராணுவத்துக்கும் பாதிரிமாருக்கும் தனிச் சலுகை உண்டா இல்லையா என்பதுதான் சண்டையின் மையம். லிபரல்கள் ஜெயித்தார்கள். பெனித்தோ ஹுவாரெஸ் தலைநகருக்குள் வந்தபோது கஜானா காலி. 1861 ஜூலையில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைத்தார். அந்த அக்டோபர் கடைசியில் பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் லண்டனில் ஒப்பந்தம் போட்டு, கடனை வசூலிக்கக் கப்பலில் கிளம்பின.

அந்தக் கடனில் ஒரு பகுதியின் கதை வேடிக்கையானது. ஜெக்கர் என்ற சுவிஸ் வங்கிக்காரர், தோற்றுப்போன கன்சர்வேடிவ் அரசாங்கத்துக்குச் சுமார் 7.5 லட்சம் பெசோ கொடுத்துவிட்டு 1.5 கோடி பெசோவுக்குப் பத்திரம் வாங்கி வைத்திருந்தார். அதை வசூலித்துக் கொடுப்பதில் மூன்றாம் நெப்போலியனின் அரைச் சகோதரர் (தாய் ஒருவர், தந்தை வேறு) மோர்னி பிரபுவுக்குப் பங்கு இருந்தது. கந்துவட்டிக்காரன் அடியாளோடு வாசலில் வந்து நிற்பது நமக்குத் தெரிந்த காட்சிதான். இங்கே அடியாள் ஒரு பேரரசு. பிரான்சின் உத்தேசம் கடனோடு நிற்கவில்லை என்று தெரிந்ததும் 1862 ஏப்ரலில் பிரிட்டனும் ஸ்பெயினும் விலகிக்கொண்டன. பிரான்ஸ் தனியாக முன்னேறி, மே 5-ல் புவேப்லாவில் சரகோசாவின் படையிடம் அடிவாங்கித் திரும்பியது. அடுத்த வருடம் ஜெனரல் ஃபோரே தலைமையில் மிகப் பெரிய படையோடு மறுபடி வந்தது. உரையில் வரும் முற்றுகை அந்த இரண்டாவது முயற்சி.

இதையெல்லாம் ஒரு சின்ன உரையில் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் கதையை எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதே ஒரு தீர்ப்பு. முற்றுகையில் ஆரம்பித்தால் வண்டித்தொடர் காப்பாற்றப்படவேண்டிய பொருள். கடன் பத்திரத்தில் ஆரம்பித்தால் அதே வண்டித்தொடர் வேறு மாதிரித் தெரியும்.

இரண்டாவது இடம், "அதிகாரிகள் இல்லை"

மூன்றாவது கம்பெனிக்கு அதிகாரிகள் இல்லை என்று உரை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. ஏன் இல்லை? எல்லோரும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். வெராக்ரூஸ் கடற்கரையிலிருந்து மலை அடிவாரம்வரை உள்ள வெப்ப நிலப்பகுதியில் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சர்வசாதாரணம். அந்த வழியில் லீஜனை நிறுத்தியது தற்செயலாக நடந்ததில்லை. ஆரோக்கியம் கெட்ட அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களை வைப்பதைவிட அந்நியர்களை வைப்பதே மேல் என்று நினைத்துத்தான் ஃபோரே அப்படிச் செய்தார். அவரே அதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார்.

இன்னொரு கொடுமை கேளுங்கள். ஆப்பிரிக்கர்களை மஞ்சள் காய்ச்சல் அவ்வளவாகத் தாக்காது என்ற நம்பிக்கையில், எகிப்து ஆட்சியாளர் சயீத் பாஷாவிடம் கேட்டு, சுமார் 450 சூடானிய வீரர்களை 1863 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கப்பலேற்றி அதே வெப்ப நிலத்துக்கு அனுப்பினார்கள். சண்டை யாருக்கு, நாடு யாருடையது என்று அவர்களை யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. யார் உயிர் மலிவு என்று ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் லீஜனின் ஜெர்மானியரும் பெல்ஜியரும் சுவிஸ்காரரும் பிரெஞ்சுக்காரருக்குக் கீழே வந்தார்கள்.

இந்தப் பின்னணியில் அந்த வரியைத் திரும்பப் படித்தால் தொண்டை அடைக்கும். மெக்சிகோவில் பிரெஞ்சுத் தரப்பில் போரில் செத்ததைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். அவர்களுக்குக் கொடியும் கிடையாது, தேதியும் கிடையாது. பேதியிலும் காய்ச்சலிலும் செத்த லீஜன்காரனை மணிவாரியாகக் கதை சொல்லி நினைவுகூர முடியாது. அதனால்தான் 11 மணி நேரத்தில் முடிந்த ஒரு சண்டை, வருடக்கணக்கில் நடந்த ஒரு சாவை மூடிவிட்டது. லீஜன் தன் ஆட்களுக்காகவாவது இதைச் சொல்லியிருக்கவேண்டும் என்பது என் முதல் குறை.

மூன்றாவது இடம், "2000 மெக்சிகர்கள்"

800 குதிரைவீரர், 1200 காலாட்படை என்று உரை பிரித்துச் சொல்கிறது. அந்தக் காலாட்களில் பெரும்பாலோர் வெராக்ரூஸ் மாநிலத்து ஊர்களிலிருந்து வந்த தேசியக் காவற்படையினர். தங்கள் ஊரின் வழியாக ஒரு வெளிநாட்டுப் படை பீரங்கி கொண்டுபோவதைத் தடுக்க வந்தவர்கள். தலைவர் பிரான்சிஸ்கோ தெ பவுலா மிலான். அவர் பெயர் மட்டும் உரையில் இருக்கிறது. மற்ற எல்லோரும் ஒரு எண்.

கடைசியில் ஓடிவந்து மூன்று பேரைக் காப்பாற்றிய அதிகாரிக்கு உரையில் பெயர் கிடையாது. அவர் பெயர் காம்பாஸ், கர்னல். பிரெஞ்சு தெரிந்தவர். கதையின் மிகச் சிறந்த வசனம் அவருடையது. லீஜன் தன் பெருமைக்குச் சான்றாக வருடா வருடம் வாசிப்பது அவர் சொன்னதைத்தான். சாட்சியின் பெயரை விட்டுவிட்டு சாட்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கு. "மெக்சிகர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், இது உள்நாட்டுப் போரின் தொடர்ச்சி என்பதே காணாமல் போய்விடுகிறது. தோற்ற கன்சர்வேடிவ்கள்தான் ஐரோப்பாவில் அரசர்களைத் தேடி அலைந்தவர்கள். ஜெனரல் லியோனார்தோ மார்க்கெஸின் மெக்சிகப் படை பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து புவேப்லா முற்றுகையில் நின்றது. அதாவது மதிலுக்கு வெளியே நின்ற மிலானின் ஆட்களுக்கு எதிரி அந்த 65 பேர் மட்டுமில்லை. மூன்று வருடம் தங்களோடு அடித்துக்கொண்ட சொந்த நாட்டுக்காரனும் அந்த வண்டித்தொடருக்காகக் காத்திருந்தான். அந்நியன் எதிர் உள்ளூர்க்காரன் என்ற சுத்தமான கோட்டை உரை போடுகிறது. தரையில் அப்படி ஒரு கோடு இல்லை.

எண்களிலும் ஒரு சங்கதி உண்டு. 60 பேர் 6 மணிவரை கட்டடத்தைக் காத்தார்கள் என்று உரை சொல்கிறது. உண்மையில் சத்திரத்துக்குள் போய்ச் சேரும்முன்பே பதினைந்து பதினாறு பேர் பிடிபட்டுவிட்டார்கள். உணவும் தண்ணீரும் உபரித் தோட்டாவும் சுமந்த கோவேறு கழுதைகள் முதல் பாய்ச்சலிலேயே மிரண்டு ஓடிவிட்டன. உள்ளே நின்றவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இதைச் சொன்னால் அவர்களுடைய வீரம் கூடத்தான் செய்யும். ஆனாலும் உரை சொல்லாது. காரணம், கம்பெனி முழுசாக இருக்கவேண்டும், எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்திருக்கவேண்டும். வழியிலேயே கைதானவன் அந்தச் சத்தியத்துக்குள் அடங்கமாட்டான். 300 எதிரிகள் பலி என்பதும் தோற்ற தரப்பின் கணக்கு. ஒரு நினைவுச்சடங்குக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது.

நான்காவது இடம், "வண்டித்தொடர் காப்பாற்றப்பட்டது"

இந்த இடத்தில் உரை சொல்வது சரி என்றே சொல்லவேண்டும். மிலான் குறிவைத்தது வண்டித்தொடரை. ஒரு நாள் முழுவதையும் ஒரு சத்திரத்தைச் சுற்றியே செலவழித்துவிட்டார். அதற்குள் தகவல் போய் வண்டித்தொடர் நின்று, பிறகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வகையில் சண்டையில் ஜெயித்த மிலான் தன் இலக்கில் தோற்றார். தான்ஜூவின் முடிவு ராணுவக் கணக்கில் பலித்தது. இதை மறுப்பவர்கள் வேண்டுமென்றே சிறுமைப்படுத்துகிறார்கள் என்பேன்.

ஆனா புவேப்லா விழுந்தது இதனாலா? அங்கேதான் இன்னொரு வண்டித்தொடரைப் பற்றிப் பேசவேண்டும். முற்றுகைக்கு உள்ளே இருந்த மெக்சிகப் படையும் பட்டினியில் இருந்தது. அவர்களுக்கு உணவும் தளவாடமும் கொண்டுவந்தவர் முன்னாள் ஜனாதிபதி கொமோன்ஃபோர்ட். மே 8 அன்று சான் லோரென்சோவில் ஜெனரல் பாஸேன் அவரைத் தாக்கி, படையைச் சிதறடித்து, வண்டிகளைப் பறித்துக்கொண்டார். அதன்பிறகு புவேப்லாவுக்கு வழியில்லாமல் போனது. மே 17-ல், 62 நாள் முற்றுகைக்குப் பிறகு, கோன்சாலெஸ் ஒர்த்தேகா நகரத்தை ஒப்படைத்தார். எப்படி? பீரங்கிகளை உடைத்துப்போட்டு, துப்பாக்கிகளை நொறுக்கி, படையைக் கலைத்துவிட்டு, எந்த நிபந்தனையும் கேட்காமல். இனி சண்டையிடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால் விடுதலை என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னபோது ஏராளமான அதிகாரிகள் மறுத்து பிரான்சுக்குக் கைதிகளாகப் போனார்கள்.

எட்டு நாள் இடைவெளியில் இரண்டு வண்டித்தொடர்கள். ஒன்று தப்பியது, ஒன்று பறிபோனது. முற்றுகையை முடித்தது பறிபோனதுதான். புகழ் பெற்றது தப்பியது. கமரோனில் ஆயுதத்தை விடமாட்டோம் என்றவர்களும், புவேப்லாவில் ஆயுதத்தை உடைத்துக் கொடுத்தவர்களும் ஒரே பிடிவாதக்காரர்கள்தான். ஒரு தரப்பின் பிடிவாதம் மட்டும் ஒரு சின்ன முற்றத்துக்குள், ஒரே பகலுக்குள், எண்ணக்கூடிய ஆட்களோடு நடந்தது. கதையாக மாறுவதற்குத் தேவையானதெல்லாம் அதில் இருந்தது. மெக்சிகோ தன் ஞாபகத்துக்கு 1862 மே 5-ஐத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. கமரோன், ஜெயித்தவன் பெரிதாக எடுத்துக்கொள்ளாத, தோற்றவன் கொண்டாடுகிற சண்டையாக நிலைத்துவிட்டது.

காப்பாற்றப்பட்ட பீரங்கிகள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1864-ல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை மெக்சிகோவின் பேரரசராக உட்கார வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அங்கிருந்து நெருக்கடி வந்ததும் பிரான்ஸ் கையைக் கழுவி, 1867 ஆரம்பத்தில் கடைசிப் படையையும் திருப்பி அழைத்துக்கொண்டது. அந்த ஜூன் 19 அன்று கெரேத்தரோவில் மாக்சிமிலியன் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாம் சேர்ந்து நாலு வருடக் கூத்து.

சடங்கு எப்போது வந்தது?

சண்டை 1863-ல். ஆனால் இந்த உரையை வாசிக்கும் வழக்கம் 1906 வாக்கில் டோங்கினில், அதாவது இன்றைய வடக்கு வியட்நாமில், ஒரு காவல்நிலையத்தில் ஆரம்பித்தது. பெரிய விழாவாக மாறியது 1931-ல். லீஜன் தொடங்கி நூறு வருடம் ஆனதை அல்ஜீரியாவின் சிதி பெல் அப்பெஸில் ஜெனரல் ரொலே கொண்டாடினார். தான்ஜூவின் மரக்கை அப்போது மரியாதைக்குரிய சின்னமாக வெளியே வந்தது. இரண்டுமே காலனிகள். பல நாட்டுக்காரர்கள், பல மொழி, சொந்த நாடு என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலை. இவர்களை எதை வைத்து ஒன்றாகக் கட்டுவது? பிரான்சுக்காக என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஒட்டாது. கொடுத்த வாக்குக்காக என்று சொன்னால் எல்லோருக்கும் ஒட்டும். கமரோன் கதையில் தாய்நாடு என்ற பேச்சே பெரிதாக இல்லாமல் சத்தியம் மட்டும் நடுவில் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பலம்தான் அதன் ஆபத்தும். 1954 ஏப்ரல் 30 அன்று தியென் பியென் பூவில், சுற்றிவளைக்கப்பட்ட முகாமுக்குள், லீஜன்காரர்கள் கமரோன் நாளை அனுசரித்தார்கள். ஒரு வாரத்தில், மே 7-ல், முகாம் விழுந்தது. அந்த உரை அவர்களுக்கு அன்றைக்கு எவ்வளவு தைரியம் கொடுத்திருக்கும் என்று யோசிக்கலாம். ஒரு ஏகாதிபத்தியம் இன்னொரு இடத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அது அவர்களுக்குச் சொல்லியிருக்காது.

1961 இன்னும் மோசம். அல்ஜீரியாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஏப்ரல் 22 வாக்கில் சில ஜெனரல்கள் அல்ஜியர்ஸில் கலகம் செய்தார்கள். லீஜனின் முதல் பாராசூட் ரெஜிமென்ட் அதில் முன்னணியில் நின்றது. கலகம் நாலைந்து நாளில் அடங்கியது. அந்த ரெஜிமென்ட்டை அரசாங்கம் நிரந்தரமாகக் கலைத்த தேதி ஏப்ரல் 30. கமரோன் நாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று வருடா வருடம் கேட்டு வளர்ந்தவர்கள், யாருக்குக் கொடுத்த வாக்கு என்ற கேள்வி வந்தபோது குடியரசுக்கு எதிரான பக்கம் போய் நின்றார்கள். உரையின் மேல் முழுப் பழியையும் போடமுடியாது. ஆனால் முதல் வாக்கியத்தில் சாத்திய கதவு, 98 வருடம் கழித்தும் சாத்தியே இருந்தது.

ஒரு ஆட்சேபம் வரும். இது வரலாற்றுப் பாடம் இல்லை, படைவீரர்களுக்கான சடங்கு. கோவிலில் தலபுராணம் வாசிக்கும்போது கல்வெட்டு ஆதாரம் கேட்பாயா என்று. நியாயமான கேள்விதான். செத்த தோழனை நினைத்துக்கொள்ளும் இடத்தில் கடன் பத்திரத்தின் வட்டிக்கணக்கை யாரும் வாசிக்கமாட்டார்கள். ஆனா இந்த உரை பாசறைக்குள்ளேயே இருந்துவிடவில்லை. புத்தகத்தில், வீடியோவில், பள்ளிக்கூடத்துப் பையனின் மொபைலில், "உண்மைச் சம்பவம்" என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாடு நாடாக மாறி வரும்போது சடங்கு கழன்றுவிடுகிறது, கதை மட்டும் நிற்கிறது. அப்போது வரலாற்றின் கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.

அந்த 65 பேரைச் சின்னவர்களாக்குவது என் விருப்பமில்லை. லெப்டினன்ட் மோதேயைக் காப்பாற்றத் தன் உடம்பைக் குறுக்கே போட்டு 19 குண்டு வாங்கினார் கத்தோ என்ற சாதாரண வீரர். அப்படி ஒரு செயலுக்கு முன்னால் எந்த விமர்சனமும் வாயை மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளவும் வேண்டும். பிரச்சினை என்னவென்றால், நாம் வாயை மூடிக்கொள்ளும் அந்த நேரத்தைப் பயன்படுத்தித்தான் அவரை அங்கே அனுப்பியவர்கள் நழுவிப் போகிறார்கள். ஃபோரே நழுவுகிறார், மோர்னி நழுவுகிறார், மூன்றாம் நெப்போலியன் கொடியில் பெயர் பொறித்துக் கொடுத்த தயாளனாகக் கதைக்குள்ளேயே இடம் பிடித்துவிடுகிறார்.

உரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாலு வாக்கியம் சேர்த்தால் போதும். கடன் வசூல் என்ற பெயரில் ஒரு உள்நாட்டுப் போருக்குள் நுழைந்த படை அது. அதிகாரிகள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், அந்தக் காய்ச்சல் நிலத்துக்கு லீஜனைத் தெரிந்தே அனுப்பினார்கள். எதிரே நின்றவர்கள் அந்த மாநிலத்து ஊர்க்காரர்கள். காப்பாற்றிய அதிகாரியின் பெயர் காம்பாஸ். வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. தான்ஜூவும் விலேனும் மோதேயும் கத்தோவும் அதனால் ஒரு அங்குலம்கூடக் குறையமாட்டார்கள்.